ஊசியை விட்டு இறங்காத மப்ளர்

எதைக் கண்டாலும் வாயைப் பிளக்கிறவனை வாத்தியார் வேலைக்கு வைக்கவே கூடாது. இதை நான் அடித்துச் சொல்வேன். அப்படி வைக்கப்பட்டவன் நான்தான்.

சிறு வயதிலிருந்தே எனக்கு இந்தக் கோளாறு. வடார்க்காட்டிலிருந்து எங்கள் குடும்பம் மூட்டை முடிச்சோடு கோலார் தங்கவயலில் வந்து இறங்கிய அன்று, சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்டுக்கு மேலே சுற்றிய பெரிய சக்கரத்தைப் பார்த்து நின்றவன் அப்படியே நின்றுவிட்டேன். நைனா, அம்மா, கோழிக்கூடை எல்லாம் கூலி லைனில் ஒதுக்கின தட்டி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, உலை கொதிக்கும்போதுதான் ஒரு ஆள் குறைவது தெரிந்ததாம். (கோழி ஒன்று குறைந்ததுதான் முதலில் தெரிந்தது, அதைத் தேடி வந்த வழியில்தான் நீ கிடைத்தாய் என்பது என் அம்மாவின் வாக்குமூலம்.)

எங்கள் வம்சத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான். மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழும் கணக்கும் கொஞ்சம் இங்கிலீஷும் படித்தேன். நைனா முனிசாமி பூமிக்கு அடியில் பாறையில் துளை போடுகிறவர். ஷிஃப்ட் முடிந்து, ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் கூண்டிலிருந்து வெளியே வரும்போது கண் மட்டும்தான் அவருடையது, மற்றதெல்லாம் சேறு. அந்தக் கண்ணால் என்னைப் பார்த்து அவர் தினமும் சொல்லுவது ஒன்றுதான்.

"நான் எறங்கனது போதும்டா மாணிக்கம். நீ மேலயே இரு."

மேலேயே இருப்பதற்கு ஒரு வழி கிடைத்தது. நான் படித்த பள்ளிக்கூடத்துக்கே உதவி வாத்தியாராகப் பாதிரியார் என்னை எடுத்துக்கொண்டார். ஆனால் கிறிஸ்மஸ் வரைக்கும் பார்ப்பாராம், சரிப்பட்டால் நிரந்தரம். சரிப்படாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. பள்ளிக்கூட ஜன்னலில் நின்றால் அந்தச் சக்கரம் தெரியும். அது சொல்லியது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மைன் கேப்டன் துரையின் துரைசாணிக்கு ஒரு யோசனை வந்தது. அந்த அம்மாள் கார்ன்வால் என்கிற கடலோரச் சீமைக்காரி. அங்கேயும் சுரங்கம்தானாம். ஆண்கள் உள்ளே இறங்கினால் பெண்கள் மேலே உட்கார்ந்து கம்பளி பின்னுவார்களாம். இங்கே மார்கழிக் காலையில் ஆண்கள் கீழே இருக்கும் உலைச் சூட்டிலிருந்து வேர்த்துக்கொட்ட மேலே வந்து, பனியில் நின்று லொக்கு லொக்கு என்று இருமுகிறார்கள். அதை அவர் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தன் புருஷனுக்கு ஒரு மப்ளர் பின்னட்டும், கிறிஸ்மஸ் விருந்தில் அத்தனை பேர் கழுத்திலும் அதைப் பார்க்க வேண்டும் என்றார். ஊரிலிருந்து கப்பலில் வரவழைத்த சிவப்புக் கம்பளி நூல் ஒரு பெட்டி நிறைய இருந்தது. அவருக்குத் தமிழ் வராது, பெண்களுக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் நின்று மொழிபெயர்க்க ஒரு ஆள் வேண்டும்.

பாதிரியார் என்னைக் காட்டினார். "இதை ஒழுங்காக நடத்து. உன் சாமர்த்தியத்தை இதில் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

பள்ளிக்கூடத்துப் புங்க மரத்தடியில் வகுப்பு. பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். முதல் வரிசையில் எங்கள் பக்கத்து வீட்டுக் குப்பம்மா அக்கா. அவள் புருஷன் கேஜ் ஓட்டத்துக்கு மணி அடிக்கிறவன். வீட்டில் மணி அடிக்கிறவள் அவள். பக்கத்தில் அவள் சிநேகிதி ரூத்து, கோயில் பாட்டுக்காரி.

துரைசாணி பின்னல் ஊசி என்று இரண்டு குச்சியை எடுத்தார். ஒரு குச்சியில் நூலை வளையம் வளையமாக ஏற்றினார். இன்னொரு குச்சியை வளையத்துக்குள் நுழைத்தார், நூலைச் சுற்றினார், இழுத்தார், பழைய வளையத்தைக் கீழே விட்டார். திரும்ப நுழைத்தார், சுற்றினார், இழுத்தார், விட்டார். குச்சிக்குக் கீழே சிவப்பாக ஏதோ ஒன்று முளைத்தது. தறி இல்லை, பாவு இல்லை, குழி தோண்டிக் கால் மிதிக்கிற வேலை இல்லை. ஒரே நூல், அதுவும் தன்னைத்தானே பிடித்துக்கொண்டு துணியாகிறது! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இன்னா வாத்தியாரே, அம்மா இன்னா சொல்றாங்க?" என்றாள் குப்பம்மா அக்கா. (அதுவரை நான் அவளுக்கு 'தம்பி'. துரைசாணி பக்கத்தில் நின்றதும் 'வாத்தியாரே' ஆகிவிட்டேன்.)

துரைசாணி நாலு வாக்கியம் சொல்லி முடித்திருந்தார். ஒன்றும் என் காதில் விழவில்லை.

"குச்சிய உள்ள வுடணுமாம்" என்றேன்.

"அத்தத்தான் நாங்களே பாத்தோமே."

எப்படியோ வகுப்பு நடந்தது. நானும் ஒரு ஜோடி ஊசி வாங்கிக்கொண்டு, மொழிபெயர்ப்பதற்காக என்று சொல்லிப் பின்னக் கற்றுக்கொண்டேன். என் முதல் மப்ளர் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் கோவணமாகவும் வந்தது. பரவாயில்லை, நாள்பட என் கைக்கும் வந்துவிட்டது. ஷிஃப்ட் முடிந்து அந்த வழியாகப் போகிற ஆண்கள் வேலிக்கு வெளியே நின்று, "வாத்தியாரே, பொடவ எப்ப கட்டிக்கப் போற?" என்று கேட்பார்கள். நைனா அவர்கள் நடுவில் தலையைக் குனிந்துகொண்டு போவார். ஆனால் ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மேலே இருக்கிற வேலை எதுவானாலும் அவருக்குச் சம்மதம்.

மப்ளர்கள் முக்கால்வாசி வந்த சமயம் துரைசாணிக்குக் காய்ச்சல் கண்டது. டாக்டர் அவரை பெங்களூருக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். புறப்படுகிற அன்று வண்டி நிற்க, அவர் பங்களா வாசலில் என்னைக் கூப்பிட்டார். கையில் விரல் நீளத்துக்குப் பின்னிய ஒரு துண்டு.

"மாணிக்கம், முடிப்பது எப்படி என்று காட்டுகிறேன். நன்றாகப் பார்த்துக்கொள். நீதான் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்."

நன்றாகத்தான் பார்த்தேன். அவர் விரல் இரண்டு முறை போனது, வந்தது, ஏதோ தாண்டியது, ஏதோ இறங்கியது. அடுத்த கணம் ஊசி தனியாக இருந்தது, துணி தனியாக இருந்தது! விளிம்பில் சங்கிலி கோர்த்த மாதிரி அழகாக ஒரு கரை. அந்தத் துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். தொப்புள்கொடி அறுத்த குழந்தையை வாங்குகிறவன் மாதிரி நான் வாங்கிக்கொண்டேன். இதை மனிதக் கைதான் செய்ததா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை என்ன செய்தது என்பதைப் பார்க்க வேண்டிய நேரமும் அதுதான்.

"புரிந்ததா?"

"எஸ், மேடம்."

"உனக்கு முடிக்கத் தெரியுமா?"

"எஸ், மேடம்."

என் இங்கிலீஷில் அந்த இரண்டு சொல் மட்டும் சுத்தமாக வரும். 'நோ, மேடம்' என்று ஒன்று இருப்பதாக எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. தங்கவயலில் யாருக்குமே எடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

வண்டி போய்விட்டது.

மறுநாள் வகுப்பில் குப்பம்மா அக்கா தன் மப்ளரைக் கழுத்தில் சுற்றிப் பார்த்தாள். ஊசி காதுப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது.

"நீளம் வந்துச்சு வாத்தியாரே. ஊசிய எப்டி எறக்கறது?"

"நாளைக்கு" என்றேன்.

அன்று சாயங்காலம் என் மப்ளரை மடியில் வைத்துக்கொண்டு ஊசியை மெதுவாக உருவினேன். ஒன்றும் ஆகவில்லை. ஊசியில் இருந்த வளையங்கள், அந்தக் கண்ணிகள் எல்லாம் குஞ்சுகள் மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றன. (என் ஜாதிதான் என்று நினைத்துக்கொண்டேன்.) சந்தோஷத்தில் நூல் முனையைப் பிடித்து லேசாக இழுத்தேன். சரசரவென்று ஒரு வரிசை போனது. பதறிப்போய் நிறுத்தப் பார்த்து இன்னும் இழுத்தேன். நைனா கூழ் குடித்து முடிப்பதற்குள் என் மப்ளர் சுருட்டை சுருட்டையாக ஒரு குவியல் நூலாகக் கிடந்தது.

நைனா கையை நக்கிக்கொண்டே பார்த்தார். "மேல வர்ற வழி தெரியாம நாங்க யாரும் எறங்க மாட்டோம்டா" என்றார்.

அடுத்து இன்னொரு வித்தை செய்தேன். கண்ணிகள் எல்லாவற்றுக்கும் ஊடாக ஒரு நூலைக் கோர்த்து, இறுக்கி, முடிச்சுப் போட்டேன். அவிழவில்லை! ஆனால் மப்ளரின் வாய் சுருங்கிப் பை மாதிரி ஆகிவிட்டது. வகுப்பில் அதைக் காட்டியபோது குப்பம்மா அக்கா வாங்கி உள்ளே கையை விட்டுப் பார்த்தாள்.

"இதுல வெங்காயம் போட்டுத் தொங்க வுடலாம். என் வூட்டுக்காரனப் போட முடியாது."

கஞ்சிப் பசை தடவி ஒட்டியும் பார்த்தேன். அதை எலி தின்றுவிட்டது.

இனி மானத்தைக் காப்பாற்ற ஒரே வழி, முடிக்காமல் இருப்பதுதான். மறுநாள் மரத்தடியில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தேன்: "இந்த நீளம் போதாது. சீமையில மப்ளருன்னா கழுத்துக்கு ஒரு சுத்து, காதுக்கு ஒரு சுத்து, மார்ல குறுக்க ஒரு கட்டு. துரைசாணியே சொன்னாங்க. பின்னுங்க."

பின்னினார்கள். அடேயப்பா, என்ன பின்னல்! அதற்குள் அவர்கள் கைக்கு அது மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டிருந்தது. தண்ணீர்க் குழாயில் குடம் நிரம்புகிற வரைக்கும் பின்னினார்கள். இடுப்பில் குழந்தையும் அக்குளில் நூலுருண்டையுமாகச் சண்டை போட்டுக்கொண்டே பின்னினார்கள். சண்டை சூடாக ஆக மப்ளர் வேகமாக வளர்ந்தது. ரூத்து கோயிலில் பாட்டின் தாளத்துக்குப் பின்னுகிறாள் என்று கேள்விப்பட்டேன். ஷிஃப்ட் விடுகிற நேரம் ஷாஃப்ட் வாசலில் புருஷனுக்காகக் காத்து நிற்கும்போது எல்லார் கண்ணும் சக்கரத்தின் மேல் இருக்கும், விரல் மட்டும் தன்பாட்டுக்கு ஓடும். கேஜ் பத்திரமாக மேலே வந்து புருஷன் முகம் தெரிந்த பிறகுதான் அந்த விரல்கள் நிற்கும். நான் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். நான் சொல்லிக்கொடுத்ததா இது? இல்லவே இல்லை. நான் வெறுமனே குச்சியை உள்ளே விடச் சொன்னேன்.

ஆனால் மப்ளர் என்னவோ மப்ளராக இல்லை. குப்பம்மா அக்கா தன்னுடையதைக் கூடையில் வைத்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்தாள். ரூத்துவின் மப்ளரில் அவள் குழந்தை படுத்துத் தூங்கியது. வேலிக்கு வெளியே ஆண்கள் புடவைக் கேலியை விட்டுவிட்டுப் புதுப் பேச்சு பேசினார்கள்.

"வாத்தியாரே, கேஜ் கயிறு அறுந்தா இது போதும். மூணாம் லெவல் வரைக்கும் எட்டும்."

"மூணா? குப்பம்மாளுத வுட்டா அடியில தண்ணியத் தொடும்."

குப்பம்மா அக்கா பின்னிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். "தம்பி" என்றாள். வாத்தியாரே இல்லை, தம்பி. "நெசத்தச் சொல்லு. ஒனக்கு எறக்கத் தெரியுமா?"

"தெரியும்க்கா. நேரம் வரணும்."

நேரம் வந்தது. பெட்டியில் நூல் தீர்ந்தது. அதே வாரத்தில் துரைசாணி உடம்பு தேறி விருந்துக்கு வருகிறார் என்று பாதிரியார் சொன்னார்.

விருந்து அன்று புங்க மரத்தடியில் பாய் விரித்திருந்தார்கள். பெண்கள் ஒவ்வொருவர் மடியிலும் ஒரு சிவப்பு மலை, மலை உச்சியில் ஊசி. காலை ஷிஃப்ட் முடிந்த ஆண்கள் சேறும் வேர்வையுமாக வேலி ஓரம் நின்றார்கள், நைனாவும் அவர்களோடு. கழுத்தில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. துரைசாணி பாதிரியாரோடு வந்தார், இளைத்திருந்தார். மலைகளைப் பார்த்து நின்றுவிட்டார்.

"மாணிக்கம், இது என்ன என்று அவர்களைக் கேள்."

நான் பெண்கள் பக்கம் திரும்பினேன். "எல்லாரும் சௌக்கியமான்னு கேக்கறாங்க."

"எங்க சௌக்கியம் கெடக்கட்டும்" என்றாள் குப்பம்மா அக்கா. "எங்க வாத்தியாருக்கு ஆரம்பிக்கத்தான் தெரியும், முடிக்கத் தெரியாதுன்னு சொல்லு. நீங்களாவது எறக்கி வுடுங்கன்னு சொல்லு."

என் மேல் வந்த பிராதை என் வாயாலேயே மொழிபெயர்க்க வேண்டும். உலகத்தில் எந்தத் துபாஷிக்கும் இந்தக் கதி வந்திருக்காது.

"மேடம்" என்றேன், "பின்னல் மேல் உள்ள பிரியத்தால் நிறுத்த மனம் வரவில்லை என்கிறார்கள்."

துரைசாணி முகம் மலர்ந்துபோயிற்று. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு பெண்களைப் பார்த்துச் சிரித்தார்.

குப்பம்மா அக்கா கண்ணைச் சுருக்கினாள். "ரூத்து, நான் சொன்னதுக்கு அந்த மூஞ்சி வரக் கூடாதே" என்றாள்.

எழுந்தாள். கூடையோடு நேரே துரைசாணி முன்னால் போய் நின்றாள். ஊசியைத் தொட்டுக் காட்டினாள். அதை உருவுகிற மாதிரி பாவனை செய்தாள். ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டாள், மொத்தமும் அவிழ்ந்து ஓடுகிற மாதிரி இரண்டு கையையும் சுழற்றினாள். கடைசியில் என்னைக் காட்டி, கையை விரித்தாள். இதை மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை.

துரைசாணி என்னைப் பார்த்தார். பாதிரியார் என்னைப் பார்த்தார். வேலி ஓரத்தில் சேற்றுக்கு நடுவில் இருந்து இரண்டு கண் என்னைப் பார்த்தது. அவர் தலைக்குப் பின்னால் அந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. கேஜ் கீழே போகிறது. அதில் ஒரு ஆள் நிற்க இடம் இருக்கும் என்று தோன்றியது.

"மேடம்" என்றேன். "எனக்கு ஆரம்பிக்கத் தெரியும், முடிக்கத் தெரியாது என்கிறார்கள். அது உண்மை."

"நான்தான் காட்டினேனே?"

"காட்டினீர்கள், மேடம். நான் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன்."

துரைசாணி உட்கார்ந்துவிட்டார், பாயிலேயே. சிரித்தார் பாருங்கள், காய்ச்சலில் கிடந்து எழுந்த உடம்பு குலுங்கக் குலுங்க. குப்பம்மா அக்காவின் மடிமேல் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவளுடைய ஊசியை வாங்கினார். வேலி ஓரத்து ஆண்கள்கூட உள்ளே எட்டினார்கள்.

இரண்டு கண்ணி பின்னினார். முதலாவதைத் தூக்கி, இரண்டாவதின் தலைக்கு மேலே தாண்டவைத்துக் கீழே விட்டார். இன்னொன்று பின்னினார், அதன் மேல் முந்தியதைத் தாண்டவைத்தார். ஒன்றன் மேல் ஒன்று. ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததன் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஊசியை விட்டு இறங்கியது. அந்தச் சங்கிலிக் கரை என் கண் முன்னால் வளர்ந்தது. அடடா, இதுவா! இவ்வளவுதானா! இவ்வளவு பெரிசா! எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது—

விலாவில் ஒரு முழங்கை இடித்தது.

"வாய மூடிக்கினு கண்ணத் தொற, வாத்தியாரே!" என்றாள் குப்பம்மா அக்கா.

தொறந்தேன். இந்தத் தடவை பார்த்தேன். கடைசிக் கண்ணியில் நூலை வெட்டி, அதற்குள் நுழைத்து இழுத்தார். முடிந்தது. இழுத்தால் அவிழவில்லை.

பாதிரியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே போனேன்.

"என் பிரசங்கத்தில் பாதி நேரத்துக்கு மேல் இந்தப் பெண்கள் உட்கார்ந்து நீ பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார்.

"இல்லை, ஐயா." (கவனியுங்கள், 'இல்லை' சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டேன்.)

"முடிக்கத் தெரியாமலே இத்தனை நாள் உட்கார வைத்திருக்கிறாய். உன்னைக் கீழே அனுப்பினால் நஷ்டம் எனக்குத்தான். ஆனால் ஒன்று, இந்தச் சிவப்பு மலையெல்லாம் பொங்கலுக்குள் மப்ளர் ஆக வேண்டும்."

ஆயின. நடுவில் எப்படி வெட்டுவது, வெட்டின இடத்தில் கண்ணிகளைத் திரும்ப ஊசியில் எப்படி ஏற்றுவது என்று துரைசாணி காட்டினார். பிறகு எல்லாம் இறக்குகிற வேலைதான். குப்பம்மா அக்காவின் ஒரு மப்ளரிலிருந்து அவள் லைன் முழுவதற்கும் மப்ளர் கிடைத்தது. தாண்டவைத்துத் தாண்டவைத்து என் விரல் காய்த்துப்போனது. மார்கழி முடிவதற்குள் ஒரு காலை, கேஜ் மேலே வந்து கதவு திறந்தபோது பனியில் காத்திருந்த பெண்கள் ஆளுக்கொரு மப்ளரைப் புருஷன் கழுத்தில் சுற்றினார்கள். கறுத்த சேறும் சிவந்த கழுத்துமாக ஆண்கள் வரிசையாக நடந்து போனார்கள். நான் எப்படி நின்றிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

நைனா தன் மப்ளரைக் கழுத்தில் போடுமுன் விளிம்பைப் பிடித்துப் பார்த்தார்.

"இது குப்பம்மா முடிச்சதா, நீ முடிச்சதா?"

"நான்தான் நைனா."

இறங்குமுன் கேஜ் கயிற்றை இழுத்துப் பார்க்கிற மாதிரி, இரண்டு கையாலும் பிடித்து ஒரு சுண்டு சுண்டினார். "பரவால்ல, அவுறல" என்றார். சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அந்தப் பேச்சு அன்றோடு போகவில்லை. எனக்குக் கல்யாணம் பேச வந்தவர்களிடமே குப்பம்மா அக்கா கதையை அவிழ்த்துவிட்டாள். என் மனைவி தாலி ஏறின முதல் வாரத்திலேயே, வானத்தில் போன கொக்குக் கூட்டத்தைப் பார்த்து நின்ற என்னிடம், "வாய மூடிக்கினு கண்ணத் தொறங்க, பால் பொங்குது" என்றாள். என் மகள் பேச ஆரம்பித்ததே ஏறக்குறைய அதில்தான்.

போன வருஷம் மைனுக்கு மின்சாரம் வந்தது. எங்கேயோ காவேரித் தண்ணீர் விழுகிற இடத்திலிருந்து கம்பி வழியாக வருகிறதாம். ஷாஃப்ட் வாசலில் விளக்கு ஏற்றுகிறார்கள் என்று லைன் முழுக்கத் திரண்டு நின்றோம். பொழுது சாய்ந்ததும் எஞ்சினியர் துரை என்னவோ செய்தார். எண்ணெய் இல்லை, திரி இல்லை, நெருப்புக்குச்சி இல்லை. குப்பென்று பகல் வந்தது! திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் குப்பம்மா அக்கா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். இத்தனை வருஷம் காத்திருந்தேன் இதற்கு.

"அக்கா" என்றேன், விலாவில் இடித்து, "வாய மூடிக்கினு கண்ணத் தொற!"

அவள் திரும்பவே இல்லை. விளக்கையே பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"தொறந்துகினுதான் கீறேன், வாத்தியாரே. அத்த எப்டி அணைக்கறதுன்னு பாத்துக்கினியா?"

நான் பார்க்கவில்லை.